பேசாதவர்கள் பிடித்த தண்ணீர்

ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பிரிந்தால் அது முதலில் இஸ்திரியம்மாவுக்குத்தான் தெரியும். நேற்றுவரை ஒரே மூட்டையாக வந்த சட்டைகள் இன்று இரண்டு மூட்டையாக வரும். மாமியார் மருமகளுக்குள் முறைப்பு என்றால், மாமியாரின் படுக்கை விரிப்பு மூட்டையில் இருக்காது. அவளே அதை ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, "இது தனி" என்று சொல்லிக் கொடுப்பாள். இஸ்திரியம்மா காரணம் கேட்க மாட்டாள். தனியாகத் தேய்த்துத் தனியாக மடித்து வைப்பாள். முப்பது வருஷமாக இப்படித் துணி வாங்கித் துணி கொடுத்து, தெருவில் யார் யாருக்கு உறவு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, அது எந்த வருஷத்திலிருந்து, யார் சொன்ன எந்தச் சொல்லால் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தெருவில் மொத்தம் முப்பத்தொரு வீடு. அவள் வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு நீள மேஜை, அதன்மேல் நான்காக மடித்த கம்பளி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், இரண்டு இஸ்திரிப் பெட்டி. எதிர்வீட்டுத் துணி மட்டும் அங்கே வராது. எதிர்வீட்டில் இருந்தது அவள் கணவரின் அண்ணன் குடும்பம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மனைவி, அதாவது ஓரகத்தி, நாலு பேர் முன்னால், "இவ தேய்ச்ச சட்டைக்குத் துவைக்காத சட்டையே தேவலை" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆண்கள் பேசிக்கொள்வார்கள், அதுவும் கடைத்தெருவில் வைத்து.

தெருவின் பின்னால் பிளாஸ்டிக் கழுவும் யார்டு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெயின்ட், பசை, பூச்சிமருந்து, இன்னும் பேர் வாயில் நுழையாத ஏதேதோ இருந்த டிரம்களையும் கேன்களையும் லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு பெரிய தொட்டியில் கழுவி, நொறுக்கி, உருக்கி, அரிசி மாதிரி சின்னச் சின்னதாக வெட்டி, மூட்டை கட்டி அனுப்புவார்கள். கழுவின தண்ணீர் பின்பக்கம் ஒரு குழிக்குப் போகும். குழி நிறைந்து யாரும் பார்த்ததில்லை. அத்தனை தண்ணீரும் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் போர் போட்டுத்தான் தண்ணீர்.

அதைக் கண்டுபிடித்தது இஸ்திரியம்மாவின் மூக்கு. பச்சைத் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. துணியில் தெளித்து, மேலே சூட்டுப் பெட்டியை வைத்ததும் ஆவி எழும்பும் அல்லவா, அந்த ஆவியில் பெயின்ட் கடை வாசம் அடித்தது. கொஞ்சம் தித்திப்பான வாசம். முதலில் யாரோ ஒருவர் வீட்டுச் சட்டை என்று நினைத்தாள். பிறகு எல்லார் வீட்டுச் சட்டையிலும் அடித்தது. மத்தியானத்துக்குள் கண் எரியும், தலை கனக்கும். இருபது சட்டைக்கு ஒருமுறை வாசலில் போய் நின்றுவிட்டு வருவாள். சமையல் செய்கிறவர்களுக்கு அது தெரியவில்லை, வெங்காய வாசம் அதை அமுக்கிவிட்டது. ஆனால் தெருவில் அரிப்புக்கு மருந்து தடவாத வீடு இல்லை. குளித்துவிட்டு வந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லாத ஆளும் இல்லை. வயசாகிவிட்டது என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

கணவரிடம் மனு எழுதச் சொன்னாள். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர், சொல்லையும் அளந்துதான் கிழிப்பார். "தண்ணீர் நாறுகிறது. வந்து பார்க்கவும்" என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுத்தார். கோட்டுக்குமேல் அவள் கையெழுத்துப் போட்டாள். மாசுக்கட்டுப்பாட்டு ஆபீஸில் அதற்கு ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைச் சொல்லி எட்டு மாசம் நடந்தாள். எட்டாவது மாசம் ஒரு ஆள் வந்தார்.

அவரைத் தெருவில் பாட்டில் சார் என்று கூப்பிட்டார்கள். வரும்போதெல்லாம் பாட்டில் பெட்டியோடுதான் வருவார். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்கள், வீட்டுக்கு ஒன்று. பிளாஸ்டிக்கில் பிடித்தால் அந்த பிளாஸ்டிக்கே தண்ணீருக்குள் இறங்கிவிடும், கணக்குக் குழம்பிவிடும் என்று விளக்கினார். ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டி, வீட்டுக்காரர் பெயர், கதவு எண் எழுதினார். குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட வேண்டும், பாட்டிலைக் கழுவக் கூடாது, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும், உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது என்று சொன்னார். ஏழு தெருவுக்கு அவர் ஒரே ஆள். "முப்பத்தொரு குழாயடியில அஞ்சஞ்சு நிமிஷம் நிக்க எனக்கு ஆயுசு பத்தாதும்மா. நீங்களே பிடிச்சு வைங்க, சாயங்காலம் எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

சாயங்காலம் முப்பத்தொரு பாட்டிலும் அவள் மேஜையில் வரிசையாக நின்றன. மூன்று வாரத்தில் பதில் வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

இஸ்திரியம்மா விடவில்லை. மறுபடி எண்ணைச் சொல்லி நடந்தாள். இரண்டாவது சோதனை, அதிலும் குறையில்லை. மூன்றாவது தடவை பாட்டில் சாரே நேரில் வந்து சொன்னார். சோதனைக்கூடத்துக்கு வருகிற தண்ணீரிலேயே இந்தத் தெருத் தண்ணீர்தான் முதல் தரமாம். அவருடைய வீட்டுத் தண்ணீரைவிட இது சுத்தமாம். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் ஆவி எழும்பி அவருக்குத் தும்மல் வந்தது. பனிக்காலம் என்றார்.

கூடவே ஒரு கடிதமும் கொண்டுவந்திருந்தார். கண்டக்டர் படித்துச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு சோதனை. அதிலும் தண்ணீர் நன்றாக இருந்தால் புகார் ஃபைல் மூடப்படும். மூடினால் மூடினதுதான், மறுபடி அதே புகாரை எடுக்க மாட்டார்கள். யார்டு முதலாளி இரண்டாவது கழுவு தொட்டிக்கு மனு போட்டிருக்கிறார், ஃபைல் மூடின மறுநாள் அவருக்கு அனுமதி கிடைக்கும். கையோடு நாலாவது பாட்டில் பெட்டியும் கொண்டுவந்திருந்தார், இரண்டு நாளில் வந்து எடுத்துக்கொள்வார்.

அவள் பாட்டில்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள், எதிர்வீட்டுக்கு மட்டும் கணவர் கொடுத்தார். மறுநாள் காலை தேய்த்த துணியைக் கொடுக்கப் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் அவர் மனைவி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, இறக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி ஆறவைத்திருந்தாள். பக்கத்தில் பழுப்பு பாட்டில், சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று இஸ்திரியம்மா கேட்டாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லையே. இது ஆபீஸுக்குப் போற தண்ணி. எங்க வீட்டுக்காரர் பேரு எழுதி ஒட்டியிருக்கு, கண்டதையும் ஊத்தி அனுப்ப முடியுமா?"

இஸ்திரியம்மா வெள்ளைத் துணியை விலக்கிப் பாத்திரத்துக்குள் பார்த்தாள். "போன தடவையும் இப்படித்தானா?"

"போன தடவை ரெண்டு கொதி விட்டேன்."

தேய்க்கத் துணி வாங்குகிற சாக்கில் அவள் எதிர்வீடு தவிர எல்லா வீட்டுக்கும் போனாள். ஒருவர் வடிகட்டி மெஷினில் வந்த தண்ணீரை ஊற்றியிருந்தார். ஒரு வீட்டில் கடையில் கேன் வாங்கியிருந்தார்கள். அதே கேனிலிருந்து பக்கத்து இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பாட்டில் போயிருந்தது. நடுவீட்டுக்காரர் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து அதற்கென்றே எடுத்துவைத்திருந்தார். தையல்காரர் மூன்று சோதனைக்கும் பஸ் ஏறி, தன் மச்சான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். ஒருவரும் மறைக்கவில்லை. சொன்னதில் பெருமைதான் இருந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு நம் வீட்டுப் பொருள் போகிறது, நல்லதாகப் போகட்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மேஜைமேல் கையை ஊன்றி நின்றாள். கண்டக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெரு மொத்தமும் சேர்ந்து தன் எட்டு மாச நடையைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிட்டது என்று அவரிடம் ஒரு பாட்டம் பாடித் தீர்த்தாள். போஸ்ட்மாஸ்டர் மனைவியில் ஆரம்பித்துத் தையல்காரரின் மச்சான்வரை ஒருவரையும் விடவில்லை. அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"நீ என்ன ஊத்துன?"

மூன்று தடவையும் அவள் கொதிக்கவைத்து ஆறவைத்து, காலருக்குக் கஞ்சி வடிகட்டுகிற புதுத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றியிருந்தாள். ஊர் வெள்ளைச் சட்டையெல்லாம் தன்னை நம்பி வருகிறது, தன் பேர் போட்ட பாட்டில் கலங்கலாகப் போய் நிற்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். நாற்றத்தைப் பிடிக்கத்தானே அந்தப் பாட்டில் என்பது அப்போது தோன்றவே இல்லை. நாற்றம் மற்றவர்கள் பாட்டிலில் இருக்கும் என்று விட்டுவிட்டிருந்தாள்.

"பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"மூணு தடவையும்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கல."

அன்று மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். தேய்த்த துணி எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆனதும், நாளைக்குப் போடச் சட்டை இல்லையே என்று ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு மூட்டையைக் கொடுக்காமல் உட்காரச் சொன்னாள். முன்னறை நிறைந்து வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு ஓரகத்திக்கு இங்கே எடுக்கத் துணி கிடையாது. அவள் தன் வாசலிலேயே நின்று, தெருவைப் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரியம்மா அவளுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திப் பேசினாள்.

"என் தண்ணி நாறுது. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டு, கொதிக்கவச்சு வடிகட்டி அனுப்பினவ நான்தான். மூணு தடவையும். மனு போட்டவளும் நானே. இப்ப நாலாவது பாட்டிலும் சுத்தமாப் போனா ஃபைல மூடிருவாங்க. பின்னாடி ரெண்டாவது தொட்டி வந்துரும். அப்புறம் நாறுதுன்னு சொல்லக்கூட நமக்கு வாய் இருக்காது."

தையல்காரர், தன் மச்சான் வீட்டுத் தண்ணீர் உண்மையிலேயே நல்ல தண்ணீர் என்றார். போஸ்ட்மாஸ்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தன் மூட்டையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நடுவீட்டுக்காரர் மட்டும் மழைத்தண்ணீர் கலப்படமில்லை, கடவுள் கொடுத்தது என்று வாதாடிப் பார்த்தார். அது போரிலிருந்து வரவில்லையே என்று கண்டக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்கிவிட்டார்.

இந்தத் தடவை உள்ளது உள்ளபடி பிடிப்பது என்று முடிவாயிற்று. ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் பிடித்தால் கடைசி நிமிஷத்தில் மனசு கேட்காது என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிடிக்கட்டும் என்றார். இஸ்திரியம்மா தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் தயவு பார்ப்பார், பாவம் இவர் பேர் கெடுமே என்று அவரும் நல்ல தண்ணீராகத்தான் ஊற்றுவார்.

"பேசாதவங்க பிடிக்கட்டும்" என்றாள்.

புரியவில்லை என்றார்கள். அவள் புரியவைத்தாள். யார் வீட்டோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லையோ, அவர்தான் அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பேசாதவர் தயவு பார்க்க மாட்டார். ஒரு குமிழிகூட விடாமல் பிடிப்பார்.

"நல்லாருக்கே. அவ என் தண்ணியில எதையாவது கலந்துட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீ பக்கத்துலயே நின்னு பாரு. கூடக் கையெழுத்தும் போடு. அஞ்சு நிமிஷம் பேசாம நிக்கணும், அவ்வளவுதான். உங்க ரெண்டு பேருக்கும் அது புதுசா?"

பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள், கண்டக்டர் எழுதிக்கொண்டார். மாடிவீட்டுக்குக் கீழ்வீடு, ஏழு வருஷம், படிக்கட்டில் செருப்பு விட்டதால். எலக்ட்ரீசியனுக்கு அவர் சொந்தத் தம்பி, நாலு வருஷம், இரண்டு மூட்டை ஆன நாள்முதல். போஸ்ட்மாஸ்டர் மனைவிக்கு அவள் சித்தி மகள், மூன்றாவது வீடு, ஒரு கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்காரவைக்காததால். சொல்லச் சொல்ல அறையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர், தாங்கள் இப்போது சமாதானமாகிவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படியானால் போன வாரம் ஏன் மூட்டை தனித்தனியாக வந்தது என்று அவள் கேட்டாள். கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்த புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் தெருவில் ஒரு விரோதியும் இல்லை. அவர்கள் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குத் தையல்காரரைப் போட்டார்கள். அவருக்குப் பொதுவாகவே யாரையும் பிடிக்காது.

இருபத்தொன்பது வீடு முடிந்தது. கண்டக்டர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார். எல்லாரும் எதிர்வாசலைப் பார்த்தார்கள். இஸ்திரியம்மா பார்க்கவில்லை. "எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பாட்டில் சாரிடம் போனில் கேட்டதற்கு, யார் பிடிக்க வேண்டும் என்று விதியில் இல்லை, பிடித்தவரும் பார்த்தவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். கழுவின பாட்டில்களுக்குப் பதில் மறுநாள் காலையிலேயே புதுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று காலை அந்தத் தெரு இருந்த மாதிரி என்றும் இருந்ததில்லை. பல வருஷமாக மிதிக்காத வாசற்படியை ஆளுக்கு ஒன்றாக மிதித்தார்கள். முப்பத்தொரு குழாய் திறந்து ஓடியது, பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை. சாவு வீட்டில்கூட அதைவிட அதிகம் பேசுவார்கள்.

ஓரகத்தி பின்வாசல் வழியாக வந்தாள். குழாயைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பாட்டிலை மூக்கருகே வைத்துச் சோப்பு வாசம் இருக்கிறதா என்று முகர்ந்தாள். ஐந்து நிமிஷம் முடிந்ததும் பிடித்து மூடி, வெளிச்சத்தில் தலைகீழாகத் திருப்பினாள். ஒரு குமிழி மேலே போயிற்று. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். அதிலும் குமிழி. மூன்றாவது தடவை பாட்டில் வாயில் தண்ணீர் முட்டிநிற்கிறவரை நிரப்பி, மெதுவாக மூடியை வைத்துத் திருகினாள். இஸ்திரியம்மா கூடத் தன் வீட்டுக்கு இவ்வளவு பொறுமையாகப் பிடித்திருக்க மாட்டாள். கையெழுத்துப் போடும்போது ஓரகத்தி சீட்டைப் பார்த்தே பேசினாள்.

"இந்தத் தண்ணியிலதான் என் கொழுந்தனுக்கு ஆக்கிப் போடுறியா?"

"உங்க வீட்டுலயும் இதேதான்க்கா வருது."

ஓரகத்தி பேனாவை மூடி வைத்தாள். "தெரியும். எனக்கும் ஆறு வருஷமா தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனாள். பிறகு இஸ்திரியம்மா எதிர்வீட்டுக்குப் போய் அவள் குழாயில் பிடித்தாள். அங்கே ஒரே தடவையில் குமிழி இல்லாமல் வந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பாட்டில் சார் வந்தபோது அவரோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முப்பத்தொன்றில் இருபத்தேழு வீட்டில் ரசாயனம் அளவுக்கு மேலே இருந்தது, சில வீட்டில் பல மடங்கு. மூன்று தடவை முதல் தரமாக இருந்த தண்ணீர் எப்படி இப்படி ஆயிற்று என்று அவர் கேட்டார். கண்டக்டர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். பாட்டில் சார் அதை எழுதவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் வீட்டுத் தண்ணீரை யார் பிடித்தார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஃபைல் மூடவில்லை. இரண்டாவது தொட்டிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பின்பக்கக் குழியை வந்து அளந்து, சீல் வைத்து, அடிவரை தோண்டி எடுக்கச் சொன்னார்கள். யார்டு முதலாளி ஏழு மாசம் வழக்கு நடத்தினார், பிறகு தோண்டினார். தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஒன்றரை வருஷத்தில் ஊர்க் குழாய் வந்தது. மேஜையில் எழும்புகிற ஆவிக்கு இப்போது வாசம் இல்லை. ஆனால் மண்ணுக்குள் இறங்கினது சீக்கிரம் போகாதாம். நாலு மாசத்துக்கு ஒருமுறை பழைய போர்த் தண்ணீரைப் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருமுறை சுத்தமாகப் போனாலும் ஆபீஸில் கேள்வி கேட்பார்கள் என்று பாட்டில் சார் சொன்னார்.

அதில் ஒரு தொந்தரவு வந்தது. குழாயடியில் நாலு தடவை சேர்ந்து நின்றதில் சில வீடுகள் பேச ஆரம்பித்துவிட்டன. எலக்ட்ரீசியனும் தம்பியும் ஒரே மூட்டை ஆகிவிட்டார்கள். இஸ்திரியம்மா அவர்களை மாற்றிவிட்டு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. மாடிவீடும் கீழ்வீடும் ராசியானபோது, அடுத்த சோதனைவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டாள். தெருவில் பேசாத ஆள் குறைந்துகொண்டே வந்தது. நிலையாக இருந்தது அவளும் எதிர்வீடும்தான்.

போன தடவையும் ஓரகத்தி பின்வாசல் வழியாகத்தான் வந்தாள். முழங்கால் வலியாம், மெதுவாக வந்தாள். குழாயைத் திறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இஸ்திரியம்மா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை வருஷம் பிடிக்கணுமாம்?"

"இருபதுன்னு சொல்றார்க்கா."

ஓரகத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"சரி. அதுவரைக்கும் நான் உங்கூடப் பேசல."

"சரிக்கா" என்றாள் இஸ்திரியம்மா, பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.